கலந்தே வரும் பெட்ரோல்

1

இங்கே அமெரிக்காவில் நவம்பர் பிறந்ததும் எங்கள் தெருவில் எஞ்சின் சத்தம் கூடிவிடும். மேப்பிள் மரங்கள் இலையைக் கொட்டி முடிக்கும் மாதம். வீட்டுக்கு ஒருவர் முதுகில் எஞ்சினை மாட்டிக்கொண்டு, அதன் குழாயிலிருந்து பீறிடும் காற்றால் இலைகளை ஊதித் தெருவோரம் குவிப்பார்கள். குவிக்கத் தவறினால் நகரசபையிலிருந்து எச்சரிக்கைத் தாள் வரும். 1996இல் வந்த புதிதில் இதை ஊருக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறேன். இப்போது நானும் அதையேதான் செய்கிறேன்.

இந்த ஆண்டு, 2009இல், நான் வழக்கமாகப் போகும் இரும்புக்கடையில் ஒரு புதுச் சரக்கு வந்திருந்தது. பெயின்ட் டப்பா போன்ற தகர டப்பாவில் பெட்ரோல். ஆயில் சேர்த்து, அளவு பார்த்து, கலந்தே அடைத்தது. வாங்கித் திறந்து ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். நான் இரண்டு டப்பா எடுத்து வந்தேன். அடுத்த வீட்டு வால்ட் வேலியோரம் நின்று அதைப் பார்த்துவிட்டார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், எதையும் தன் கையால் செய்கிறவர்.

“பெட்ரோலைக் கலக்கக்கூட ஆள் வைத்துவிட்டாயா? நாளைக்குக் காப்பியைக் கலக்க யாரை வைப்பாய்?”

“காப்பி மனைவி கலக்கிறாள்” என்றேன்.

“அவளிடமே பெட்ரோலையும் கொடுத்துப் பார்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு விஷயம் தெரிந்ததுதான். பழைய மொபெட், ஸ்கூட்டர், வயலில் மருந்தடிக்கும் மெஷின் எல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதற்கு ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றினால்தான் உண்டு. ஆயில் குறைந்தால் எஞ்சின் இறுகிப்போகும். கூடினால் புகைந்து, பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும். கலவையைப் பங்க்கில் வாங்குவதா, வீட்டில் கலப்பதா என்று மதுரைப் பக்கம் ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது. இங்கே அந்தச் சண்டைக்கு வேறு காரணம். இங்கத்திய பெட்ரோலில் எத்தனால் சேர்க்கிறார்கள். அது ஈரத்தை இழுத்து, குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும் எஞ்சினின் கார்புரேட்டரைக் கெடுத்துவிடும். டப்பாவில் வருவதில் எத்தனால் இல்லை. வருடக்கணக்கில் கெடாது என்று எழுதியிருக்கிறது.

நான் டப்பாவை வாங்கியதற்கு அது காரணமில்லை. வீட்டில் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றி ஆட்டிக் கலக்கும் வேலையை 2003 கார்த்திகைக்குப் பிறகு என் கை செய்ய மறுக்கிறது. இத்தனை ஆண்டும் இலையைக் கையால்தான் வாரினேன். அந்தக் கார்த்திகையில் என் அண்ணன் மதுரையில் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் உயிரோடிருக்கும்போதே நான் போய்ச் சேர முடியுமா, முடியாதா என்பது ஒன்றுதான் அப்போது என் வாழ்க்கையில் இருந்த கேள்வி. ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒழுங்காக ஒரு தடவை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

அண்ணன் பெயர் செல்வராசு. என் பெரியப்பா மகன். பெரியப்பாவும் அப்பாவும் கடைசிவரை ஒரே வீட்டில், ஒரே ரேஷன் கார்டில் இருந்தவர்கள். வீடு நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. எனக்கு அண்ணன் என்றால் அவர்தான். பள்ளியில் எவனாவது என்னை அடித்தால் போய்க் கேட்டது அவர். கல்லூரியில் சேர்க்கக் கூட வந்து வரிசையில் நின்றது அவர். அவருக்குத் தம்பி என்றால் நான்தான். எங்கள் இருவருக்கும் வேறு ஆண் உடன்பிறப்பு கிடையாது. இந்த இடத்தில் ‘ஒன்றுவிட்ட’ என்ற சொல்லை நான் சேர்க்காததை ஊரில் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு பவர் ஸ்பிரேயர் வாங்கினார். முதுகில் மாட்டுவது. மேலே மருந்துத் தொட்டி, நடுவில் எஞ்சின், அடியில் சின்னப் பெட்ரோல் டேங்க். எங்கள் பக்கம் பருத்தி, கத்தரி போட்டவர்கள் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூடவே மதினியின் தம்பி கண்ணன் போவான். மருந்து கலக்குவது, தொட்டியில் ஊற்றுவது, பெட்ரோல் ஊற்றுவது கண்ணன் வேலை. இருவரும் நாள் முழுக்கக் கிண்டலடித்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள்.

பங்க்கில் ஆயில் கலந்து கொடுப்பதை அண்ணன் நம்பவே மாட்டார்.

“அவன் பம்ப்பை அமுக்குறப்ப ஆயில் எம்புட்டு வருது, காத்து எம்புட்டு வருதுன்னு அவனுக்கே தெரியாது. இதுல பெட்ரோலு பாதி, மண்ணெண்ணெய் பாதி. அதக் குடிச்சா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?”

வெறும் பெட்ரோலாக வாங்கி வருவார். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி, பாக்கெட் ஆயிலைப் பல்லால் கடித்துப் பிய்த்துக் கவிழ்த்து, மூடிக் குலுக்குவார். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஒரு வாய் ஆயில் கூடத்தான் போகும். நான் இங்கிருந்து தொலைபேசியில் பேசும்போது, அது தப்பு, புகை கூடும், பிளக் போகும் என்று கையேட்டில் படித்ததைச் சொல்வேன்.

“நீ புஸ்தகத்துல ஓட்டு தம்பி. நான் காட்டுல ஓட்டுறேன்” என்பார். “எஞ்சினுக்கு ஆயில் குடுக்குறதுல போயி கஞ்சத்தனம் பாக்கலாமா? வாயில்லா சீவன்.”

“அது சீவனே இல்லண்ணே.”

“அந்தச் சத்தம் போடுது, சீவன் இல்லங்குற. வாரப்ப நல்ல பிளக்கா நாலு வாங்கிட்டு வா.”

1999இல் ஊருக்குப் போனபோது பிளக் வாங்கிக்கொண்டுதான் போனேன். அவர் வேலை செய்வதை அப்போது ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தேன். ஒன்று எனக்கு வித்தியாசமாகப் பட்டது. மருந்துத் தொட்டி காலியானால் அவர் மெஷினைக் கழற்றுவதில்லை. கொஞ்சம் குனிந்து நிற்பார், கண்ணன் பின்னாலிருந்து குடத்தோடு மருந்தைக் கவிழ்ப்பான். காற்று கிளம்புவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். கழற்றி வைத்தால் சேறு. மறுபடி அத்தனை எடையையும் தூக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். மருந்தை முதுகில் இருக்கும்போதே ஊற்றிப் பழகிய கை, பெட்ரோலையும் அப்படியே ஊற்றும். எஞ்சினை மட்டும் அணைப்பார்கள். சைலன்சர் ஆறும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

3

2003 நவம்பரில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், கண்ணன் கூப்பிட்டான். அவன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“சின்ன மச்சான், மச்சானுக்குத் தீப்பிடிச்சிருச்சு.”

பிறகு அவன் சொன்னது இது. பருத்திக் காட்டில் பாதித் தொட்டி மருந்து இருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்திருக்கிறது. “ஊத்து மாப்ள, காத்து வந்துரும்” என்று அண்ணன் குனிந்து நின்றிருக்கிறார். கண்ணன் பாட்டிலைச் சாய்த்திருக்கிறான். கால் சேற்றில் வழுக்கி, பாட்டில் வாய் டேங்க்கை விட்டு விலகி, பெட்ரோல் சைலன்சரில் கொட்டிவிட்டது. தோளில் வார் உறுத்தாமல் இருக்க அண்ணன் ஒரு துண்டை மடித்துப் போட்டிருப்பார். முதுகில் தொங்கிய அதன் முனையும் நனைந்திருக்கிறது. ‘பொக்’கென்று ஒரு சத்தம்தானாம். வாரின் பக்கிள் என்றோ உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முடிச்சு அவிழவில்லை. கண்ணன் அதைக் கையால் பிய்த்திருக்கிறான். அவன் விரல்கள் இன்றும் முழுதாக மடங்காது.

முதுகு, இடுப்பு, தொடைகள். நினைவு தெளிவாக இருக்கிறது, பேசுகிறார் என்றான். டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “பாக்கணும்னு சொல்றாரு” என்றான். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த டப்பாவைப் பார்த்ததும் நினைத்துக்கொண்ட ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல நாள் நான் அந்தக் கலவையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் கலக்காமல் பங்க்கிலேயே கலந்து வாங்கியிருந்தால் என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போன வாரம் கண்ணனோடு பேசும்போது டப்பா விஷயத்தைச் சொன்னேன். இப்போது அவன்தான் மருந்தடிக்கப் போகிறான்.

“அங்க கலந்தேவா விக்கிறாய்ங்க?” என்றான். “நல்லதுதான். ஆனா சின்ன மச்சான், அன்னிக்குக் கலவைல ஒரு குத்தமும் இல்ல. காலைல இருந்து மெஷின் ஒரு தடவகூட இருமல. மச்சான் கலந்தா அப்படித்தான் ஓடும்.”

அவன் சொன்னது சரி. பங்க்கில் கலந்ததும் அதே போலத்தான் பற்றியிருக்கும். தகர டப்பாவில் வந்ததும் சூடான சைலன்சரில் கொட்டினால் பற்றும். அண்ணனும் நானும் ஐந்தாறு வருடம் தொலைபேசியில் சண்டை போட்டது தப்பான விஷயத்தைப் பற்றி. முதுகில் வைத்து ஊற்றாதே என்று நானும் சொன்னதில்லை, வேறு யாரும் சொன்னதில்லை. கண்ணன் இப்போது கீழே இறக்கி வைத்துத்தான் ஊற்றுகிறானாம். மற்றவர்கள் பழையபடியேதான்.

4

போவதற்கு ஒரு தடை இருந்தது. என் வேலை விசாவின் காலம் முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போக முன்கூட்டி ஓர் அனுமதித் தாள் வாங்க வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள். திரும்பி வர முடியாது. என் விண்ணப்பத்தைப் பிடித்துத்தான் மனைவி வசந்தாவும் மகள் நித்யாவும் இங்கே இருந்தார்கள். தபாலில் கேட்டால் அந்தத் தாள் வர மாதக்கணக்காகும். உயிர் போகும் அவசரம் என்றால் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் போகலாம், ஆஸ்பத்திரிக் கடிதம் வேண்டும் என்றார்கள்.

கண்ணனிடம் சொன்னேன். மறுநாளே ஃபேக்ஸ் வந்துவிட்டது. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு டாக்டர் அறை வாசலில் நின்று வாங்கியிருக்கிறான். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. ‘செல்வராசு, தகப்பனார் பெயர் சின்னச்சாமி, கடுமையான தீக்காயம், இவருடைய கூடப்பிறந்த சொந்தத் தம்பி உடனே வர வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“கூடப்பிறந்த தம்பின்னு அழுத்திப் போடச் சொன்னேன் மச்சான். சும்மா தம்பின்னா அவிய்ங்க ஏதாச்சும் இழுத்தடிப்பாய்ங்க” என்றான் கண்ணன்.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதில் தவறு இருப்பதாக என் மூளைக்குத் தோன்றவே இல்லை.

குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்று உள்ளே போனேன். அந்த அலுவலர் நடுவயதுப் பெண்மணி. கடிதத்தைப் படித்ததும் முகம் இளகியது. பிறகு என் கோப்பைத் திருப்பினார். திருப்பத் திருப்ப வேகம் குறைந்தது.

“உங்கள் தந்தை பெயர் கருப்பையா என்று இருக்கிறது.”

“ஆமாம்.”

“இவருடைய தந்தை சின்னச்சாமி.”

“ஆமாம். என் தந்தையின் அண்ணன்.”

“அப்படியானால் தாய் ஒருவரா?”

“இல்லை.”

பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, இவர் உங்களுக்குக் கசின்.”

“எங்களுக்குள் அப்படி ஒரு சொல் இல்லை. அவர் என் அண்ணன்” என்றேன். அவசரத்தில் என் ஆங்கிலம் உடைந்து, பாதி வாக்கியம் தமிழில் வந்தது.

அவர் கத்தவில்லை. “புரிகிறது. கசின் என்றாலும் நான் மேலிடத்தில் பேசிப் பார்ப்பேன். ஆனால் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டு உடன்பிறந்தவர் என்கிறார். உங்கள் கோப்பு இல்லை என்கிறது. இந்தக் கடிதத்தை இப்படியே வாங்கினால் நீங்கள் பொய்ச் சான்று கொடுத்ததாக ஆகிவிடும். உங்கள் விண்ணப்பத்துக்கே கேடு. இதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவைச் சரியாக எழுதி வாங்கி வாருங்கள். நீங்களும் ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும்.”

அது புதன்கிழமை. மறுநாள் ‘தேங்ஸ்கிவிங்’ என்னும் நன்றியறிதல் விடுமுறை, அதற்கு மறுநாள் நேரில் வருபவர்களைப் பார்ப்பதில்லை. அப்புறம் சனி, ஞாயிறு. திங்கள்தான் இனி அந்தக் கதவு திறக்கும்.

5

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். தாள் இல்லாமலே கிளம்பிவிடலாமா என்றும் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தாள்.

“போறதுன்னா போங்க. நான் தடுக்க மாட்டேன். அவரு எனக்கும் அண்ணன் மாதிரிதான். ஆனா நித்யாகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க. பள்ளிக்கூடத்த விட்டுட்டு ஊருக்குப் போகணும்னு என்னால சொல்ல முடியாது.”

நித்யாவுக்கு அப்போது பதினொரு வயது. ஐந்து வயதில் இங்கே வந்தவள். அவளிடம் போய் உட்கார்ந்து, பெரியப்பாவுக்கு உடம்பு மோசம், நான் போக வேண்டியிருக்கும், ஒருவேளை நாம் எல்லோருமே போய்விட வேண்டியிருக்கும் என்றேன்.

அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள். “அவர் உங்க ரியல் பிரதரா அப்பா?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதே நாளில் அந்தக் கேள்வி இரண்டாவது முறையாக என்னிடம் வருகிறது. முதல் தடவை கேட்டவருக்கு அது வேலை. என் வீட்டுக்குள்ளும் அந்தக் கேள்வி வளர்ந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. “ஆமாம்” என்றேன். “ஓகே” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினாள். அவள் கண்ணில் நீர் வந்தது தன் பள்ளியை நினைத்து. அவளைக் குறை சொல்ல முடியாது.

கண்ணனுக்குப் போன் செய்து, கடிதத்தை மாற்றி வாங்கச் சொன்னேன். ‘கூடப்பிறந்தவர் இல்லை, பெரியப்பா மகன்தான்’ என்று எழுத வேண்டும் என்றேன்.

“என்ன மச்சான் சொல்றீங்க” என்றான்.

“அப்படி எழுதினாத்தான் விடுவாங்க கண்ணா.”

“சரி” என்றான்.

அவன் டாக்டரைக் கேட்டது வார்டுக்குள், அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில். அவர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறான். மறுநாள் அண்ணனின் பெரிய மருமகன் தன் செல்போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார். குரல் தேய்ந்திருந்தாலும் அவர் குரல்தான்.

“ஏண்டா, நான் உனக்கு அண்ணன் இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொன்னியாமே.”

“அண்ணே, அது அப்படி இல்லண்ணே. இங்க ஆபீஸ்ல...”

“கண்ணன் சொன்னான். அந்தம்மா கேட்டுச்சாம், ஒரு தாயா, ஒரு தகப்பனான்னு.” மூச்சு வாங்கினார். “எங்க ஆத்தா பால்ல உனக்குப் பங்கு உண்டான்னு கேட்டுச்சா? உண்டுன்னு சொல்ல வேண்டியதுதானே.”

சிரிக்கப் பார்த்து இருமினார். பின்னால் மதினி, “பேசாதீங்க, பேசாதீங்க” என்பது கேட்டது.

“அண்ணே, அது வெறும் காயிதம்ணே. எழுதிக் குடுத்தா அடுத்த பிளேன்ல வந்துருவேன்.”

“வெறும் காயிதம்னா அவிய்ங்க எதுக்குக் கேக்குறாய்ங்க?”

இங்கத்திய விதி அப்படி என்று இழுத்தேன்.

“அப்படி எழுதித்தான் நீ வரணும்னா வராத தம்பி” என்றார். “கோவத்துல சொல்லல. நான் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் என் தம்பி, வேற எதையும் எழுதாதீகன்னு. நீ அங்கன இருந்தாலும் தம்பிதான். அத எழுதிட்டு வந்தீன்னா, வந்து நிக்கிறது யாரு?”

மருமகன் போனை எடுத்துக்கொண்டு, “மாமா களைச்சிட்டாரு” என்றார். அண்ணன் என்னோடு பேசியது அதோடு முடிந்தது.

6

சனிக்கிழமை கண்ணனிடமிருந்து புதிய ஃபேக்ஸ் வந்தது. டாக்டர் தன் அறையில் வைத்து எழுதிக் கொடுத்ததாகச் சொன்னான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உறவு சரியாக எழுதப்பட்டிருந்தது. திங்கள்கிழமை அதே பெண்மணி. அவர் கொடுத்த தாளில், செல்வராசு என்பவர் என் உடன்பிறந்தவர் அல்லர், என் தந்தையின் சகோதரரின் மகன், இது உண்மை என்று எழுதி, வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் அனுமதித் தாளைக் கையில் கொடுத்து, “அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

சென்னை விமான நிலையத்துக்கு வெளியே இருந்த பூத்திலிருந்து போன் செய்தேன். மருமகன் எடுத்தார். முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிட்டது என்றார். நீங்கள் வரட்டும் என்று வைத்திருக்கிறோம், கொள்ளி வைக்க நீங்கள்தானே என்றார். அண்ணனுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள்.

தீக்காயம் என்பதால் போலீஸ் கேஸ். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலைக் கொடுக்க உறவினர் கையெழுத்து வேண்டும். பிணவறை வாசலில் ஏட்டு ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். நான் பையோடு போய் நின்றேன்.

“யாரு நீங்க?”

நான் பையைக் கீழே இறக்கி வைத்தேன். பின்னாலிருந்து யாரோ, “தம்பிங்கய்யா, அமெரிக்காவுல இருந்து வாராரு” என்றார்.

ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘உறவு’ என்ற இடத்தில் ‘தம்பி’ என்று எழுதி, “இங்க போடுங்க” என்று விரலால் காட்டினார். அதே வாரத்தில் நான் போட்ட இரண்டாவது கையெழுத்து. இங்கே என்னை யாரும் கையை உயர்த்தச் சொல்லவில்லை.

வண்டி வரத் தாமதமானது. கண்ணன் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தான். இரண்டு கையிலும் கட்டு. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, அந்தக் கையை எங்கே தொடுவது என்று தெரியவில்லை.

“நான் வாரேன்னு அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும் மச்சான். திங்கக்கிழமை நீங்க போன் பண்ணதுமே போயிச் சொன்னேன். கேட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

கண்ணன் பிணவறைக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“‘காயிதம் இல்லாமயே விட்டுட்டாய்ங்களா’ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.”